கமிலாவை மன்னித்துவிட்டார்களா, பழகிவிட்டார்களா?

கேள்வி கேட்ட அம்மணிக்கு வணக்கமுங்க. அவிநாசியில் இருக்கும் உங்கள் அம்மா, டிவியில் இங்கிலாந்து அரசர் சார்லஸின் இரண்டாவது மனைவி கமிலா ராணியின் முகம் வந்தாலே சேனலை மாற்றிவிடுகிறார், சார்லஸின் முதல் மனைவி டயானாவை நினைத்து "டயானா குடியைக் கெடுத்தவ" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விவரம் தெரிந்து பார்த்தது சார்லஸின் 2023 முடிசூட்டு விழாவைத்தான். அதில் பார்த்த கமிலா உங்களுக்கு நிதானமான, புத்தகம் படிக்கிற ஒரு பாட்டியம்மாவாகத் தெரிகிறார். ஒரே பெண் எப்படி இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரிகிறார், ஜனங்கள் மன்னித்துவிட்டார்களா என்பது உங்கள் கேள்வி.

மன்னிக்கவில்லை, பழகிவிட்டார்கள். இதுதான் என் பதில். அந்தப் பழக்கமும் தானாக வந்தது கிடையாது, ஒரு அரண்மனை இருபத்தைந்து வருஷம் பொறுமையாக உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டது. எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் அம்மா பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. 1981 ஜூலை 29ல் லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தபோது டயானாவுக்கு வயது 20, சார்லஸுக்கு 32. அதற்கு ஐந்து மாதம் முன்னால் நிச்சயம் அறிவித்த அன்று, இருவரும் காதலிக்கிறீர்களா என்று நிருபர் கேட்க, டயானா "ஆமாம்" என்று பட்டென்று சொல்கிறார், பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளை "காதல் என்றால் என்னவோ, அது" என்கிற மாதிரி இழுக்கிறார். அந்தத் துண்டு வீடியோ இன்றைக்கும் யூடியூபில் கிடைக்கும், பாருங்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் போதும், உங்கள் அம்மாவின் கோபம் புரிந்துவிடும்.

நம் பக்கத்தில் டயானா எப்படி வந்து சேர்ந்தார் என்பதும் முக்கியம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கோபி, ஈரோடு, திருப்பூர் என்று எந்த ஊர் தையல் கடைக்கும் பியூட்டி பார்லருக்கும் போனாலும் சுவரில் எங்கேயாவது டயானா படம் ஒன்று இருக்கும், வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தை வெட்டி ஒட்டியது. முடியை அந்த மாதிரி வெட்டச் சொல்லிக் கேட்ட பெண்களை எனக்குத் தெரியும். 1992 பிப்ரவரியில் அவர் தாஜ்மஹால் முன்னால் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, சார்லஸ் அன்றைக்கு வேறொரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். காதலுக்குக் கட்டிய கட்டடத்துக்கு முன்னால் கட்டியவன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பொண்டாட்டி. இந்த ஒரு படத்துக்கு எந்த ஊர்ப் பெண்ணுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதே வருஷம் டிசம்பரில் இருவரும் பிரிகிறார்கள் என்று பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

சரி, இதில் கமிலா எங்கே வருகிறார்? டயானாவுக்கு முன்னாலேயே வருகிறார். 1947ல் பிறந்தவர், கமிலா ஷாண்ட். அப்பா ராணுவ அதிகாரியாக இருந்து பிறகு ஒயின் வியாபாரம் செய்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் சார்லஸும் அவரும் பழகினார்கள். சார்லஸ் கப்பற்படைக்குப் போய்விட்டார், கமிலா 1973ல் ஆண்ட்ரூ பார்க்கர் போல்ஸ் என்ற ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு குழந்தைகள். கமிலாவின் கொள்ளுப்பாட்டி ஆலிஸ் கெப்பல், ஏழாம் எட்வர்டு மன்னரின் ஆசைநாயகியாக ஊரறிய இருந்தவர். இந்த விவரம் பிற்பாடு பத்திரிகைகளுக்கு அல்வா மாதிரி கிடைத்தது, "பரம்பரையே அப்படித்தான்" என்று எழுத வசதியாகப் போனது.

1993 ஜனவரியில் சார்லஸும் கமிலாவும் 1989ல் பேசிய அந்தரங்கத் தொலைபேசிப் பேச்சு வரிக்கு வரி பத்திரிகையில் அச்சானது. அதில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை, இரண்டு பேர் ராத்திரியில் தங்களுக்குள் பேசிக்கொண்டதை ஊரே வாசித்துச் சிரித்தது என்பது போதும். 1994ல் சார்லஸே டிவியில் உட்கார்ந்து, திருமணம் மீட்க முடியாதபடி முறிந்த பிறகு வேறு உறவு இருந்தது என்று ஒப்புக்கொண்டார். 1995 நவம்பரில் டயானா பிபிசியில், "இந்தத் திருமணத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம், அதனால் கொஞ்சம் நெரிசல்" என்றார். அந்த ஒரு வாக்கியம் கமிலாவை முடித்துவிட்டது. ஏற்கெனவே அந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்கும் விவாகரத்து ஆகியிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற ஒரு ஆதங்கத்தைச் சொல்லிவிட வேண்டும். தாலி கட்டினது சார்லஸ், வாக்குக் கொடுத்தது சார்லஸ், டிவியில் ஒப்புக்கொண்டதும் சார்லஸ். திட்டு வாங்கியதில் பெரும்பங்கு கமிலாவுக்கு. அதுவும் எதற்காக? அவர் அழகாக இல்லையாம், டயானாவை விட்டுவிட்டு இவரிடமா போனார் என்று முகத்தையும் பல்லையும் முடியையும் வைத்து வருஷக்கணக்கில் கேலி செய்தார்கள். அவர் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை, ஒரு சின்னப் பெண்ணின் வாழ்க்கை அதில் நொறுங்கியது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து செய்த தப்புக்கு ஒருத்தி மட்டும் கெட்டவள் ஆவது லண்டனிலும் நடக்கிறது, நம் ஊரிலும் நடக்கிறது. நம் பக்கம் ஒரு குடும்பம் இப்படி உடைந்தால் சந்தைக்கடையில் "அவ மயக்கிப்போட்டா" என்பார்களே தவிர, "அவன் போனான்" என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. உங்கள் அம்மாவும் சார்லஸ் முகம் வந்தால் சேனலை மாற்றுவதில்லை என்றுதான் நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

1996 ஆகஸ்டில் சார்லஸ் டயானா விவாகரத்து முடிந்தது. 1997 ஜூலையில் கமிலாவின் 50வது பிறந்தநாளுக்கு சார்லஸ் தன் ஹைகுரோவ் வீட்டில் விருந்து கொடுத்தார், மெல்ல வெளியே கொண்டுவரலாம் என்ற யோசனையில். ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் சுரங்கப்பாதையில் டயானா இறந்துபோனார். எல்லாம் நின்றுவிட்டது. அந்த வாரம் இங்கேயும் டீக்கடை பேப்பர் முழுக்க அதுதான், அது அடங்குவதற்குள் அன்னை தெரசாவும் போய்ச் சேர்ந்தார். அக்டோபரில் எலிசபெத் ராணி சென்னைக்கு வந்தபோதுகூட எங்கள் வீட்டுப் பெண்கள் "மருமகளை வாழவிடலையே" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு குழியிலிருந்து ஒரு பெண் ராணியாக ஏறி வந்திருக்கிறார் என்பதுதான் விஷயம். ஏற்றியதில் ஒருவருக்கு முக்கியப் பங்கு, மார்க் போலண்ட். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கிற ஆணையத்தில் இயக்குநராக இருந்தவர், எந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பது அவருக்கு அத்துப்படி. 1996ல் சார்லஸிடம் வேலைக்குச் சேர்ந்து 2002 வரை இருந்தார். கமிலாவை நல்லவர் என்று விளம்பரம் செய்வதைவிட, கமிலாவைப் பார்ப்பதை ஒரு சாதாரண விஷயமாக ஆக்குவதுதான் அவர் போட்ட கணக்கு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதில் ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பாருங்கள். 1999 ஜனவரி 28. லண்டன் ரிட்ஸ் ஹோட்டலில் கமிலாவின் தங்கை அனபெல்லுக்கு 50வது பிறந்தநாள் விருந்து. சார்லஸும் கமிலாவும் சேர்ந்து வெளியே வரப்போகிறார்கள் என்பது பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே தெரியும், தெரியும்படி செய்திருந்தார்கள். தெருவில் ஏணி போட்டு இடம்பிடித்து நூற்றுக்கணக்கான போட்டோகிராபர்கள். நள்ளிரவு நெருங்கும்போது படியில் இறங்கி வருகிறார்கள், சார்லஸ் முன்னால், கமிலா ஒரு எட்டு பின்னால், கார் வரைக்கும் நாலைந்து அடி, சில விநாடி, அவ்வளவுதான். யாரும் எதுவும் பேசவில்லை. ஃபிளாஷ் வெளிச்சம் அப்படி விடாமல் அடித்ததில், வலிப்பு உள்ளவர்களுக்கு அந்தக் காட்சி ஆகாது என்று டிவிக்காரர்களை ஒரு சங்கம் எச்சரிக்கும்படி ஆனது. அந்தச் சில விநாடியோடு ஒரு பெரிய வியாபாரம் செத்துப்போனது, அதைக் கவனியுங்கள். அதுவரை இருவரும் சேர்ந்து நிற்கிற ஒரு படத்துக்கு ஒளிந்திருந்து எடுத்தவன் கேட்கிற விலை கிடைத்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே படம் என்றால் அப்புறம் அதற்கு என்ன விலை?

அதற்குப் பிறகு ஒவ்வொரு படியாக. 2000ல் ஹைகுரோவில் நடந்த ஒரு விருந்தில் எலிசபெத் ராணி கமிலாவை ஏற்றுப் பேசினார். 2001ல் ஒரு பொது நிகழ்ச்சியில் சார்லஸ் கன்னத்தில் முத்தம் கொடுத்தார், அதுவும் செய்தியானது. 2002ல் சார்லஸின் பாட்டி 101 வயதில் காலமானார், அவர் இருந்தவரை இவர்கள் கல்யாணப் பேச்சு எடுபடாது என்பார்கள். அதே வருஷம் இங்கிலாந்து திருச்சபை, முதல் துணை உயிரோடிருக்கும்போதே விவாகரத்தானவர் மறுமணம் செய்வதைச் சில சூழ்நிலைகளில் அனுமதிக்கலாம் என்று தன் நிலையைத் தளர்த்தியது. இது பெரிய விஷயமுங்க. 1936ல் விவாகரத்தான வாலிஸ் சிம்ப்ஸனைக் கட்ட வேண்டும் என்பதற்காக எட்டாம் எட்வர்டு மகுடத்தையே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது, அதே குடும்பம், ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

2005 ஏப்ரல் 9ல் கல்யாணம். எட்டாம் தேதி குறித்திருந்தார்கள், அன்றைக்குப் போப் இரண்டாம் ஜான் பாலின் அடக்கம் என்பதால் ஒரு நாள் தள்ளிப்போனது. முதலில் வின்ட்சர் கோட்டைக்குள் பதிவுத் திருமணம் என்றார்கள், அதற்கு உரிமம் வாங்கினால் பொதுமக்களும் மூன்று வருஷத்துக்கு அங்கே கல்யாணம் செய்துகொள்ள உரிமை வந்துவிடும் என்று தெரிந்ததும் ஊர் டவுன்ஹாலுக்கு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது ராணி, அந்தப் பதிவுத் திருமணத்துக்கு வரவில்லை. பிறகு தேவாலயத்தில் நடந்த ஆசீர்வாதத்துக்கு வந்தார். நம் பக்கம் இரண்டாம் கல்யாணம் என்றால் மண்டபம் பிடிக்காமல், சடங்கு நடத்துகிற அருமைக்காரரைக் கூப்பிட்டுச் சீர் செய்யாமல், கோயிலில் தாலி கட்டிவிட்டு நெருங்கிய பங்காளிகளுக்கு மட்டும் சாப்பாடு போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆசீர்வாதத்தில் இருவரும் தங்கள் "பல பாவங்களையும் தீமைகளையும்" நினைத்து வருந்துவதாகப் பழைய ஜெபப் புத்தகத்தின் வரிகளை எல்லோர் முன்னிலும் சொன்னார்கள். ஆனால் விருந்தில் ராணி பேசியது வேறு மாதிரி. அன்றைக்கு கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தய நாள், அந்தப் பந்தயத்தின் கடினமான தடைகளைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, இவர்கள் அதையெல்லாம் தாண்டிவிட்டார்கள், என் மகன் தான் நேசிக்கும் பெண்ணோடு கரை சேர்ந்துவிட்டான் என்றார். குதிரை என்றால் உயிரை விடுகிற ஒரு அம்மா இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்?

பட்டம் விஷயத்தில்தான் அரண்மனையின் சாமர்த்தியம் தெரியும். சட்டப்படி வேல்ஸ் இளவரசி என்ற பட்டம் கமிலாவுக்கு வந்துவிட்டது, ஆனால் அது டயானாவின் பெயரோடு ஒட்டிப்போனது என்பதால் அவர் அதைத் தொடவே இல்லை, கார்ன்வால் சீமாட்டி என்றே இருந்தார். சார்லஸ் அரசரானாலும் "பிரின்சஸ் கன்சார்ட்", அதாவது அரசரின் மனைவியான இளவரசி என்றுதான் அழைக்கப்படுவார், ராணி என்று அல்ல என்றும் அறிவித்தார்கள். அரசரின் மனைவி தானாகவே ராணிதான், அதை மாற்றச் சட்டம் வேண்டும் என்று அரசாங்கம் அப்போதே தெளிவாகச் சொன்னது. அந்தச் சட்டத்தை யாரும் கொண்டுவரவில்லை. கோபமாக இருந்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு சமாதானம், நாளைக்குக் கதவு திறந்தே இருக்கும். அடுத்த பதினேழு வருஷம் அந்தப் பேச்சை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

இத்தனை வருஷத்தில் அவர் என்ன செய்தார் என்பதை வெறும் பேர் தேற்றுகிற பி.ஆர். வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. 1994ல் அவர் அம்மா ரோசலிண்ட் எலும்புத் தேய்மானத்தால் வலியில் துடித்து இறந்தார். அப்போதிருந்து அந்த நோய்க்கான சங்கத்தில் வேலை செய்தார், 2001ல் அதன் தலைவரானார். யாரும் கேமரா தூக்கிக்கொண்டு வராத விஷயம் அது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் உதவி மையங்களில் பரிசோதனை முடிந்து கையில் எதுவும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, சோப்பு, துண்டு, பல்துலக்கி வைத்த சின்னப் பைகளை அந்த மையங்களுக்குக் கிடைக்கச் செய்தார். நான் ரொம்ப மதிக்கிற காரியம் இதுதான், ஏனென்றால் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் இந்த யோசனை வரும். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றி 2024ல் ஒரு டிவி ஆவணப்படமே செய்தார். 2021 ஜனவரியில், கொரோனா ஊரடங்கின்போது, இன்ஸ்டாகிராமில் ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தார், உங்களுக்குத் தெரிகிற "புத்தகம் படிக்கிற பாட்டியம்மா" அங்கேயிருந்து வந்தவர்.

இன்னொன்று, அவர் பதில் பேசவில்லை. டயானாவும் சார்லஸும் டிவியில் உட்கார்ந்து தங்கள் தரப்பைச் சொன்னார்கள், கமிலா சொல்லவே இல்லை. இதைப் பெருந்தன்மை என்பவர்களும் உண்டு, கணக்கு என்பவர்களும் உண்டு. எனக்கு என்னவோ இரண்டும் என்றுதான் படுகிறது. பேசாதவரோடு யாரும் ரொம்ப நாள் சண்டை போட முடியாது.

2022 பிப்ரவரியில், பதவியேற்று எழுபது வருஷம் நிறைவதற்கு முந்தின நாள், எலிசபெத் ராணி தன் செய்தியில் கமிலா "குயின் கன்சார்ட்", அதாவது அரசரின் மனைவியான ராணி என்று அழைக்கப்பட வேண்டும் என்பது தன் மனமார்ந்த விருப்பம் என்று எழுதினார். பிரின்சஸ் பேச்சு அன்றோடு முடிந்தது. செப்டம்பர் 8ல் ராணி காலமானார். 2023 மே 6 முடிசூட்டு அழைப்பிதழில் வெறும் "குயின் கமிலா" என்றே அச்சிட்டிருந்தார்கள். நம்மவர்களுக்கு ஆர்வமான விஷயம் கோஹினூர். 1849ல் பத்து வயதுப் பையன் துலீப் சிங்கிடமிருந்து எழுதி வாங்கிய அந்தக் கல் 1902, 1911, 1937 முடிசூட்டுகளில் அரசர்களின் மனைவியர் மகுடத்தில் இருந்தது. கமிலா அதைத் தவிர்த்துவிட்டு, மேரி ராணியின் 1911 மகுடத்தில் வேறு வைரங்களைப் பதித்து அணிந்தார். இந்தியாவில் கிளம்பக்கூடிய ஒரு சண்டை அங்கேயே அணைந்தது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதை விட்டுவிட்டால் என் பதில் அரைகுறை. இளைய மகன் ஹாரி 2023 ஜனவரியில் வெளியிட்ட சுயசரிதையில், கமிலாவின் பெயரைத் தேற்றுவதற்காகத் தன்னைப் பலிகொடுத்தார்கள், தன்னைப் பற்றிய செய்திகள் பத்திரிகைக்குப் போயின என்று குற்றம்சாட்டினார். அரண்மனை பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது எல்லாம் அப்படியே நடந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் பன்னிரண்டு வயதில் அம்மாவைப் பறிகொடுத்த பையன் கமிலா ஏறி வந்த அந்த ஏணியை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பான் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. இன்னொரு பக்கம், 2021ல் வந்த முன்னாள் நீதிபதி டைசனின் விசாரணை அறிக்கை, டயானாவின் அந்த 1995 பிபிசி பேட்டியை வாங்க நிருபர் மார்ட்டின் பஷீர் போலி வங்கி ஆவணங்களைத் தயாரிக்க வைத்து டயானாவின் தம்பியிடம் காட்டி ஏமாற்றினார் என்று உறுதிசெய்தது. டயானாவை ஏமாற்றியவர்கள் பட்டியலில் அரண்மனைக்கு வெளியிலும் ஆள் இருந்தது என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அதில் கமிலா மேலிருந்த கோபம் கொஞ்சம் பங்கு பிரிந்தது என்று சொல்லலாம்.

2024 பிப்ரவரியில் சார்லஸுக்குப் புற்றுநோய் என்று அறிவித்தார்கள். அந்த மாதங்களில் நிகழ்ச்சிகளுக்குத் தனியாகப் போய் நின்றது கமிலா, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு அரசர் முதியவர்களுக்குக் கொடுக்கிற காசை வூஸ்டர் தேவாலயத்தில் அவர் சார்பில் கொடுத்ததும் கமிலா. 76 வயது. அதே வருஷம் அக்டோபரில் இருவரும் நமக்குப் பக்கத்தில் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உள்ள ஒரு இயற்கை மருத்துவ மையத்தில் சில நாள் வந்து தங்கிவிட்டுப் போனார்கள். கமிலா அங்கே ஏற்கெனவே பலமுறை வந்தவர். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது போய்விடலாம், அவ்வளவு பக்கத்தில் வந்தும் இங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை. இதே 1998 என்றால் என்ன பேச்சு பேசியிருப்போம்! பழகிவிட்டோம் என்று நான் சொன்னது இதைத்தான்.

உங்கள் அம்மாவை மாற்றப் பார்க்காதீர்கள். அவர் பார்த்த டயானாவும் நிஜம், அவர் பட்ட கோபமும் நியாயம். வேண்டுமானால் அந்தப் பைகளைப் பற்றி மட்டும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், கேட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.